1080 டிஐ கார்டுக்கு மார்ஃபியஸ் 2 கூலர்: நான்கு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

என் கம்ப்யூட்டர் இருப்பது ஹாலில், ஏசி இருப்பது படுக்கையறையில். மே மாதப் பிற்பகலில் ஹாலில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 34 டிகிரியைத் தொட்டுவிடும். கிராபிக்ஸ் கார்டு கூலர் பற்றி வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள், அவர்கள் 60 என்று போட்டிருந்தால் சென்னையில் அது 72. இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொள்ளாமல் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், அதனால் இந்த ரிவ்யூவில் எங்கெல்லாம் வெப்பநிலை சொல்கிறேனோ அங்கெல்லாம் அறை 33 அல்லது 34 டிகிரி என்று வைத்துப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, என்விடியாவே வெளியிட்ட ஃபவுண்டர்ஸ் எடிஷன். 2017 மார்ச்சில் வந்த கார்டு, நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில். பழைய கார்டை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். இதில் 11 ஜிபி மெமரி இருக்கிறது, அதுதான் காரணம். மாடுலர் கிச்சன் செய்கிற இரண்டு மூன்று பேருக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உள்ளறைப் படங்கள் ரெண்டர் செய்து, அதாவது 3டி மாதிரியைப் படமாக மாற்றிக் கொடுக்கிறேன், கிரானைட் மேடை, கப்போர்டு, சிம்னி எல்லாம் போட்டு ஒரு சமையலறையை முழுதாக ஏற்றினால் 6 ஜிபி கார்டு மூச்சு வாங்கும், இது அசராமல் ஓட்டும். கேம் விளையாடுவதும் உண்டு, ஆனால் இரவு பத்து மணிக்கு ரெண்டரை ஓடவிட்டுக் காலையில் எடுப்பதுதான் இந்தக் கார்டின் முக்கிய வேலை. ஆறு ஏழு மணி நேரம் விடாமல் முழு லோடில் ஓடும்போது கூலர் நல்லதா கெட்டதா என்பது ஒளிந்துகொள்ள முடியாது.

கார்டின் மின் வரம்பு 250 வாட். ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பவர் லிமிட்டை 120 சதவீதத்துக்கு ஏற்றினால் 300 வாட் வரை எடுக்கும். கார்டின் முக்கிய சிப்பான கோரில் 150 மெகாஹெர்ட்ஸ், மெமரியில் 400 கூட்டி ஓவர்கிளாக், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் வைத்திருக்கிறேன். தொடங்கும்போது 1987 மெகாஹெர்ட்ஸ் காட்டும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 84 டிகிரியில் முட்டிக்கொண்டு 1780-க்கு இறங்கியிருக்கும். இது சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் சூடு ஏற ஏறப் படிப்படியாகக் கிளாக்கைக் குறைத்துக்கொண்டே வரும், ஒரு படி சுமார் 13 மெகாஹெர்ட்ஸ். ஆக, கூலர் சரியில்லாமல் ஓவர்கிளாக் செய்வதென்பது முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் ஓவர்கிளாக் செய்வதுதான்.

ஃபவுண்டர்ஸ் எடிஷனோடு வரும் புளோயர் வகைக் கூலரை நான் குறை சொல்ல மாட்டேன். அடியில் சூட்டைப் பரப்பும் வேப்பர் சேம்பர், ஒரே ஃபேன், உள்ளே இழுக்கிற காற்றை அப்படியே கேபினட்டின் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். அந்தக் காற்று போக வழி அகலமாக வேண்டும் என்று மானிட்டர் மாட்டும் டிவிஐ போர்ட்டையே எடுத்துவிட்டார்கள், அவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் வெயிலில் 300 வாட்டை அந்த ஒரு ஃபேன் சமாளிக்க வேண்டுமென்றால் 85 சதவீத வேகத்தில் ஓட வேண்டும். அப்போது 74 டிகிரிக்கு வரும், சத்தமோ மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற மாதிரி. கதவைச் சாத்தினாலும் படுக்கையறைக்குக் கேட்கும். குழந்தை இருக்கிற வீட்டில் அது நடக்காது.

அப்புறம்தான் கூலர் தேடத் தொடங்கினேன். என்னென்ன பார்த்தேன், ஏன் விட்டேன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கார்டு வேறாக இருந்தால் நான் விட்டதுதான் உங்களுக்குப் பொருந்தலாம்.

மிகச் சுலபமானது கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் ஃபேன்களையும் கழற்றிவிட்டு, அதே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதி) மேல் இரண்டு 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேன்களை ஜிப் டையால் கட்டுவது. உங்களிடம் இரண்டு மூன்று ஃபேன் வைத்த திறந்த வகைக் கார்டு இருந்து, அதன் ஹீட்சிங்க் நல்ல கனமாகவும் இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதைச் செய்யுங்கள். கோர் மேலிருந்து ஹீட்சிங்கை எடுக்க வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்ற வேண்டாம், மெமரி மேல் இருக்கும் சூடு கடத்தும் மெத்தைகளான பேட்களைத் தொட வேண்டாம், செலவும் இரண்டு ஃபேனோடு முடிந்துவிடும். புளோயர் கார்டில் இது செல்லாது. அதன் ஹீட்சிங்க் சின்னது, ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் பக்கவாட்டுக் காற்றுக்காகச் செய்தவை, மேலிருந்து ஊதினால் காற்று உள்ளே இறங்காது.

அடுத்து என்இசட்எக்ஸ்டியின் கிராகன் ஜி12. இது கூலர் இல்லை, பிராக்கெட். சிபியுவுக்கு வாங்குகிற, எல்லாம் சேர்ந்தே வரும் ஏஐஓ வாட்டர் கூலரின் பம்பைக் கிராபிக்ஸ் கார்டின் கோர் மேல் உட்கார வைக்கும், பக்கத்தில் விஆர்எம்மை (கோருக்கு வேண்டிய அளவில் மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) ஊத ஒரு 92 மில்லிமீட்டர் ஃபேன் இருக்கும். கோர் வெப்பநிலை என்று மட்டும் பார்த்தால் நான் பார்த்தவற்றில் இதுதான் சிறந்தது. ஆனால் மெமரிக்கும் விஆர்எம்முக்கும் ஹீட்சிங்க் எதுவும் பெட்டியில் வராது, நாம்தான் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். பம்ப் ஒரு நாள் நின்றுபோகும் என்ற கவலையும் இருக்கிறது. நான் தூங்கும்போது ஓடுகிற மெஷின் இது. ஃபேன் நின்றால் ஹீட்சிங்காவது கொஞ்ச நேரம் தாங்கும், பம்ப் நின்றால் கோர் சூடு மளமளவென்று ஏறிவிடும். கார்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இரவு ரெண்டர் போனது போனதுதான்.

ஆர்க்டிக்கின் அக்செலெரோ எக்ஸ்ட்ரீம் வரிசை நெடுநாள் பெயர் வாங்கியது. மூன்றாவது பதிப்பில் சின்னச் சின்ன ஹீட்சிங்குகளைத் தெர்மல் பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்தது, ஒட்டினால் ஒட்டினதுதான், பிய்த்தால் சிப்போடு வரும் என்று பலர் பயந்தார்கள். நான்காவதில் அதை மாற்றி, கார்டின் பின்பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியத் தகட்டை வைத்து, போர்டு வழியாக வருகிற சூட்டை அங்கிருந்து எடுக்கிறார்கள். மாட்டுவதற்கு அருமையான யோசனை. ஆனால் 300 வாட்டில் ஓடும் விஆர்எம்மின் சூட்டை போர்டுக்குள் புகுந்து மறுபக்கம் வரவிட்டுத்தான் எடுப்போம் என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓவர்கிளாக் செய்யாத கார்டுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இங்கே நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இந்த ரிவ்யூவை எழுதியதே இதற்காகத்தான். கூலர் வாங்கும்போது எல்லோரும் கோர் வெப்பநிலையைத்தான் பார்க்கிறோம், ஏனென்றால் திரையில் தெரிவது அது ஒன்றுதான். 1080 டிஐ ஃபவுண்டர்ஸ் எடிஷனில் மெமரி எவ்வளவு சூடு, விஆர்எம் எவ்வளவு சூடு என்று எந்த மென்பொருளும் காட்டாது. கோர் 60 டிகிரியில் குளுகுளு என்று இருக்க, இரண்டு அங்குலம் தள்ளி விஆர்எம்மில் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற சின்னச் சிப் வெந்துகொண்டிருக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. 2016 கடைசியில் இவிஜிஏவின் 1070, 1080 கார்டுகளில் விஆர்எம் அளவுக்கு மீறிச் சூடாவதாகப் புகார் கிளம்பி, அந்த நிறுவனம் தெர்மல் பேட்களை இலவசமாக அனுப்பி, கார்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளுக்கு அப்டேட்டும் கொடுத்தது. அடுத்த ஆண்டே 9 சென்சார் வைத்த ஐசிஎக்ஸ் கார்டுகளைக் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனம் போட்ட கூலரிலேயே கவனம் தவறிய இடம் இது, நாம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து மாட்டும் கூலரில் எவ்வளவு கவனம் வேண்டும்!

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது ராய்ஜின்டெக் மார்ஃபியஸ் 2 கோர் எடிஷன். சூட்டைக் கோரிலிருந்து ஃபின்களுக்குக் கடத்தும் ஹீட் பைப் 12, ஃபின் 129, 360 வாட் வரை தாங்கும் என்று நிறுவனமே சொல்கிறது. ஃபேன் பெட்டியில் இருக்காது, இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களை நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அவற்றைப் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கிளிப் வரும். ஃபேன் இல்லாமல் விற்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஃபேன்தான் முதலில் தேயும், தேய்ந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவில் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். நான் ஆர்க்டிக் பி12 இரண்டு போட்டேன்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். "சார், கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியா கூலரா? அதெல்லாம் இப்ப யாரும் கேக்குறதில்ல, சிபியு கூலர் வேணும்னா இருக்கு" என்பதுதான் கடைக்குக் கடை பதில். ஃபேனும், பேஸ்ட்டும், மல்டிமீட்டரும் அங்கே வாங்கினேன், கூலரை ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். வந்த பெட்டி ஏற்கெனவே பிரிக்கப்பட்டது, ஸ்ப்ரிங் ஸ்க்ரூ நான்கில் ஒன்று இல்லை. திருப்பி எழுதினால் பதிலே வரவில்லை. பழைய சிபியு கூலர் ஒன்றிலிருந்து அதே விட்டத்தில் ஸ்ப்ரிங் எடுத்துச் சமாளித்தேன், ஆனால் நீங்கள் வாங்கினால் பெட்டி வந்த அன்றே ஸ்க்ரூக்களை எண்ணிவிடுங்கள், கார்டைக் கழற்றிப் போட்ட பிறகு எண்ணாதீர்கள்.

மாட்டிய கதைக்கு வருவோம். ஃபவுண்டர்ஸ் எடிஷனைக் கழற்றுவது பொறுமையான வேலை. பின்தகடு இரண்டு துண்டாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கைக்கடிகார ஸ்க்ரூ அளவு. அதை எடுத்ததும் அடியில் அறுகோணத் தலை வைத்த திருகுகள் வரும், அதற்கு 4 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும், கொறடு வைத்துத் திருகப் போனால் வழுக்கிப் போர்டைக் கீறிவிடும். ஃபேன் வயரும் எல்இடி வயரும் மூடியோடு வரும், சட்டென்று தூக்கினால் பிய்ந்துவிடும். நான் ஒரு வெள்ளைத் தாளில் கார்டின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். இது உண்மையிலேயே உதவியது, பழைய கூலரை மறுபடி மாட்ட வேண்டி வந்தாலும் அந்தத் தாள் இருக்கிறது.

கோர் மேல் மூடி எதுவும் கிடையாது, பளபளவென்று கண்ணாடி மாதிரி வெறும் சிலிக்கான். மூலையில் ஹீட்சிங்க் சாய்ந்து இடித்தால் சில்லு பெயர்ந்துவிடும், அதோடு கார்டு முடிந்தது. அதனால் கூலரைக் கார்டின் மேல் இறக்காதீர்கள். கூலரை மேஜையில் மல்லாக்க வைத்து, கார்டை அதன் மேல் நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக அரைத் திருப்பு அரைத் திருப்பாக இறுக்குங்கள். பேஸ்ட்டை நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிடுவது மூடி போட்ட சிபியுவுக்குச் சரி, இங்கே பரப்பு முழுவதும் மெல்லிசாகத் தடவ வேண்டும். பேஸ்ட் படாத இடம் அப்படியே சூடாகும்.

மெமரி சிப் 11, ஒவ்வொன்றின் மேலும் சின்ன ஹீட்சிங்க். விஆர்எம் வரிசைக்குத் தனி. எல்லாவற்றுக்கும் ஒட்டும் டேப் இருக்கிறது. இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். பழைய தெர்மல் பேட்கள் வருடக்கணக்கில் சூட்டில் இருந்து எண்ணெய் கசியவிடும், சிப்பின் மேல் பார்த்தால் ஈரமாகத் தெரியாது, விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும். மெமரி சிப்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்தேன். மாஸ்ஃபெட்கள் சின்னவை, இடுக்கில் இருப்பவை, அவற்றை ஒரு முறை துடைத்ததோடு விட்டுவிட்டேன். இரண்டாவது வாரத்தில் ஒரு இரவு கேபினட்டுக்குள் 'டிங்' என்று சத்தம். திறந்து பார்த்தால் விஆர்எம் ஹீட்சிங்க் ஒன்று கழன்று பவர் சப்ளை மூடியின் மேல் கிடக்கிறது. கார்டைப் படுக்கை வாட்டில் மாட்டினால் சிப்கள் கீழ்நோக்கித்தான் இருக்கும், டேப் பிடி விட்டால் நேராகக் கீழேதான் விழும். அது மதர்போர்டில் ஏதாவது இரண்டு பின்னைத் தொட்டிருந்தால் கார்டோடு போர்டும் போயிருக்கும். மறுநாள் முழுவதையும் கழற்றி, பருத்திக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு மாஸ்ஃபெட்டையும் குச்சியில் கறுப்பு வராத வரை துடைத்து, புது டேப் போட்டு, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். அதன் பிறகு எதுவும் விழவில்லை.

பேட் பற்றி இன்னொன்று. இதற்கு முன்பு இந்தக் கார்டை ஒரு சர்வீஸ் கடையில் பேஸ்ட் மாற்றக் கொடுத்திருந்தேன். 1 மில்லிமீட்டர் பேட் இருக்க வேண்டிய இடத்தில் 2 மில்லிமீட்டர் போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள், மெமரி மேல் கூலர் உட்கார்ந்துகொண்டு கோரைச் சரியாகத் தொடவே இல்லை, வாங்கிப்போன அன்றே 90 டிகிரி. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் கெடும். பழைய பேட்டை அளந்து பார்க்காமல் புதியதைப் போடவே கூடாது. மார்ஃபியஸில் மெமரி ஹீட்சிங்குகள் கோரின் தகட்டோடு சேராமல் தனித்தனியாக நிற்பதால் இந்தச் சிக்கலே வராது, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இது.

சரி, எண்கள். விஆர்எம் சூட்டை அளக்க மல்டிமீட்டரோடு வரும், வெப்பநிலையை உணரும் தெர்மோகப்பிள் கம்பியைப் பயன்படுத்தினேன். நுனியைச் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் சுற்றி, விஆர்எம்முக்கு நேர் பின்னால் போர்டில் ஒட்டினேன். டேப் சுற்றாமல் வெறும் நுனியை வைத்தால் ஷார்ட் ஆகும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டாம், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது எப்போதும் குறைத்தே காட்டும், அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவோம். புளோயர் இருந்தபோதும் பின்தகட்டின் ஒரு துண்டை மட்டும் எடுத்துவிட்டு இதே இடத்தில் அளந்திருந்தேன்.

300 வாட், பிளெண்டர் ரெண்டர் ஒரு மணி நேரம், கேபினட் மூடியிருக்கிறது. பழைய புளோயர் தானியங்கி வேகத்தில்: கோர் 84, விஆர்எம் பின்பக்கம் 92, கிளாக் 1780. மார்ஃபியஸும் 1200 ஆர்பிஎம்மில் இரண்டு பி12-உம்: கோர் 66, விஆர்எம் 81, கிளாக் 1949-ல் நின்றுவிட்டது, ஆறு மணி நேரம் கழித்தும் அங்கேயேதான். சத்தம் சீலிங் ஃபேன் ஓடினால் கேட்காது. இந்த முடிவைப் பார்த்ததும் ஃபேனை இன்னும் குறைக்கலாமே என்று 850 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவந்தேன். கோர் 70-தான் ஆயிற்று, நான்கு டிகிரி யாருக்குக் கவலை? தெர்மோகப்பிளைப் பார்த்தால் 91. கோருக்கு 12 ஹீட் பைப் இருக்கிறது, காற்று குறைந்தாலும் தாங்கும். விரல் நுனி அளவு ஹீட்சிங்கை நம்பி இருக்கும் மாஸ்ஃபெட்டுக்கு அந்தக் காற்றை விட்டால் வேறு கதி இல்லை. திரையில் 70 மட்டும் பார்த்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். இப்போது லோடில் 1100-க்குக் கீழே விடுவதில்லை.

ஃபேனை எங்கே இணைப்பது என்பதும் முக்கியம். மதர்போர்டில் கொடுத்தால் அது பெரும்பாலும் சிபியு சூட்டைப் பார்த்துத்தான் வேகத்தை மாற்றும், கார்டு கொதிக்கும்போது சிபியு சும்மா இருந்தால் ஃபேனும் சும்மா இருக்கும். கார்டிலேயே இருக்கும் குட்டி 4 பின் கனெக்டருக்கு அடாப்டர் வயர் கிடைக்கிறது, அதில் ஒய் வடிவ வயரால் பிரித்து இரண்டு ஃபேனையும் மாட்டினால், எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்ற வளைவை ஆஃப்டர்பர்னரிலேயே போட்டுக்கொள்ளலாம். சின்னச் செலவுதான், கூலரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இனி இந்தக் கூலர் கேட்கும் விலை, பணத்தைச் சொல்லவில்லை. ஹீட்சிங்க் தடிமன் 44 மில்லிமீட்டர், அதன் மேல் ஃபேன் 25, மொத்தம் கிட்டத்தட்ட நான்கு ஸ்லாட் போய்விடும். கீழ் ஸ்லாட்டில் சவுண்டு கார்டோ வைஃபை கார்டோ வைத்திருந்தால் மறந்துவிடுங்கள். ஹீட்சிங்க் மட்டும் 515 கிராம், ஃபேன்களையும் சேர்த்தால் முக்கால் கிலோவுக்கு வரும், கார்டின் வால்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொங்கியது. தூண்டில் நைலான் கயிற்றை மேல்சட்டத்தில் கட்டி இழுத்து நிறுத்தியிருக்கிறேன்.

அதைவிடப் பெரியது, புளோயர் வெளியே தள்ளிக்கொண்டிருந்த 300 வாட் சூடும் இப்போது கேபினட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. முதல் நாள் சிபியு 7 டிகிரி ஏறியது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று, மேலே ஒன்று வெளியே தள்ள என்று வைத்த பிறகுதான் அது 2 டிகிரியாகக் குறைந்தது. முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய கேபினட் வைத்திருப்பவர்கள் இந்தக் கூலரை வாங்கினால் வருத்தப்படுவார்கள், அவர்களுக்குப் புளோயரே மேல்.

யாருக்கு இது சரிவரும்? புளோயர் வைத்த 1080 டிஐ, 980 டிஐ மாதிரிக் கார்டு வைத்து, வாரன்டி முடிந்து, காற்றோட்டமான பெரிய கேபினட் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஏஎம்டி வேகா 56, 64 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பொருத்தம், அதில் மெமரி கோருக்குப் பக்கத்திலேயே ஒரே பேக்கேஜில் இருப்பதால் இரண்டையும் ஒரே தகடு குளிர்விக்கும், விஆர்எம் மட்டும்தான் நம் கவலை. என்விடியாவின் 30 வரிசை, 40 வரிசைக் கார்டு என்றால் வேண்டாம், அவற்றோடு வரும் கூலரே இந்த அளவுக்குப் பெரிது, பேட் மாற்றி ஃபேனைச் சுத்தம் செய்தால் போதும்.

இன்னும் ஒன்று, காசே செலவில்லாதது. கூலர் வாங்குவதற்கு முன் ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி வோல்டேஜ் வளைவைத் திறந்து, 0.95 வோல்ட்டில் 1900 ஓடுகிறதா என்று பாருங்கள். சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் 1.05-லிருந்து 0.95-க்கு வந்தாலே சூட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கேம் மட்டும் விளையாடுபவர் பலருக்கு அதுவே போதுமாகிவிடும். பகலில் நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன், முழு ஓவர்கிளாக் இரவு ரெண்டருக்கு மட்டும்.

நான்கு மாதத்தில் இரண்டு முறை தூசி எடுத்தேன். தெருவைப் பார்த்த வீடு, சாம்பிராணி புகை வேறு, 129 ஃபினுக்கு நடுவிலும் சாம்பல் நிறப் படலம் ஏறிவிடுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பிக் கிளிப்பைத் தளர்த்தி ஃபேனை எடுத்துவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபின் போகும் திசையிலேயே வருட வேண்டும், குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கும். கார்டைக் கழற்ற வேண்டியதே இல்லை, பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் விஆர்எம் ஹீட்சிங்க் ஒவ்வொன்றையும் விரலால் லேசாக அசைத்துப் பார்த்துவிடுகிறேன்.